முன்முடிவு: 'பாரபட்சம்' என்று பெயர்ப்பது ஏன் பிழை

நல்லிணக்கப் பயிலரங்குகளில் எம் கையில் தரப்படும் தமிழ்த் தாள்களில் 'பிரெஜுடிஸ்' என்ற ஆங்கிலச் சொல் 'பாரபட்சம்' என்று பெயர்க்கப்பட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அண்மையில் திருகோணமலையில் நடந்த ஒரு கூட்டத்திலும் அதே பிழையைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

'பிரெஜுடிஸ்' இலத்தீனிலிருந்து வந்த சொல். இலத்தீனில் 'பிரே' என்பது முன். 'யூதிக்கியும்' என்பது தீர்ப்பு. ஆராயும் முன்னரே வழங்கிய தீர்ப்பு என்பது பொருள். அதனால் அதற்கு நேரான தமிழ் 'முன்முடிவு' என்பேன்.

பாரபட்சம் வேறு. 'பட்சம்' வடமொழியில் சிறகையும் பக்கத்தையும் குறிக்கும். இருவருக்கிடையே ஒருவர் பக்கம் சாய்ந்து நடப்பதே பாரபட்சம்; தமிழில் ஓரவஞ்சனை என்போம். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுக்கும்போது அது வெளியே தெரியும். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு 12(2) ஆம் உறுப்புரையில் தடுப்பதும் அத்தகைய செயலைத்தான். முன்முடிவோ சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்டு, செயலுக்கு வெகுமுன்னரே மனத்தில் குடியேறிவிடுவது.

இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததன் விளைவை வீட்டிலேயே கண்டேன். மூதூரிலிருந்து மாற்றலாகி வந்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் எங்கள் மாமியின் மேல்மாடியை வாடகைக்குக் கேட்டிருந்தார். "அவங்களுக்கு வீடு குடுத்தா பிறகு எழுப்ப ஏலாது" என்றார் மாமி. "மாமி, இது பாரபட்சம்" என்றேன். "நான் ஆருக்கு, மகன், பாரபட்சம் காட்டினனான்? முன்வீட்டு முஸ்லிம் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் ஒரே பானைப் பொங்கலைத்தானே குடுத்தனான்?" என்று உடனே திருப்பிக் கேட்டார். அது உண்மை. நான் எடுத்த சொல் பிழையானதால், சாட்டிய குற்றத்தை அவர் நியாயமாகவே மறுத்தார்.

'தப்பெண்ணம்' என்பார் சிலர். தவறான எண்ணம் உண்மை தெரிந்ததும் திருந்த வேண்டும். மாமிக்கு முன்வீட்டாரை முப்பது ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும் அவர்களை மட்டும் 'நல்ல சனம்' என்று விலக்கிவைத்துவிட்டு முடிவை அப்படியே காத்துக்கொண்டார். 'இனத்துவேசம்' என்பது இன்னும் பொருந்தாது. துவேசம் பகை, அச்சொல்லைக் கேட்கும் வீட்டார், கலவரத்தில் தீவைத்தவனைப் பற்றிய பேச்சு என்று எண்ணித் தம்மை அதிலிருந்து கழற்றிக்கொள்வர்.

வடசொல் என்பதற்காக மட்டும் பாரபட்சத்தை நான் தள்ளவில்லை. ஓரவஞ்சனையைச் சொல்லும் இடத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், ஆராயாது தெளிவதைத் 'தேரான் தெளிவு' என்று குறள் (510) அன்றே பெயரிட்டு வைத்ததையாவது நினைத்திருக்கலாம். அங்கே பேசப்படுவது ஆராயாமல் நம்புவது; ஆராயாமல் ஐயுறுவதும் அதே வகையானதே. 2012 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 40, தமிழர் 30, சிங்களவர் 27 சதவீதமாக வாழும் இத்திருகோணமலை மாவட்டத்தில், மூன்று சமூகத்தார் வீடுகளிலும் அன்றாடம் தேவைப்படும் சொல்லை இவ்வளவு அசட்டையாகக் கையாள்வது எனக்கு வேதனை தருகிறது.

மறுநாள் மாமியிடம், "அந்தக் குடும்பத்தைக் கண்ணால காண முன்னமே முடிவெடுத்திட்டீங்களே" என்று மட்டும் சொன்னேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. சற்று நேரம் கழித்து, "பிள்ளைகள் எத்தினை பேராம்?" என்று கேட்டார்.