மடங்கும் .22 ரைபிள் ஏன் முரண்டு பிடிக்கிறது?

மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய அரைத்தானியங்கி .22 (குழல் விட்டம் ஏறக்குறைய 0.22 அங்குலம்) ரைபிளை வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒரு வகைத் தோட்டாவைத் தடங்கலின்றிச் சுட்ட துப்பாக்கி, வேறொரு வகையைப் போட்டதும் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகும் துடைக்காமல் விட்டால் குழலின் பின்வாய் முழுவதுமாக மூட மறுக்கிறது. மடக்கி விரித்த பின் குறி சற்று விலகியிருக்கிறது. இவற்றை எல்லாம் தயாரிப்பின் குறை என்று ஒதுக்கிவிடுவது எளிது; சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இக்குறைகளில் பெரும்பாலானவற்றின் வேர், அந்தத் துப்பாக்கி சுடும் விரல் கணுவளவு தோட்டாவில் இருக்கிறது. துப்பாக்கியை மடக்க முடிவதற்கும் அதே தோட்டாதான் காரணம் என்பதே இதில் சுவையான செய்தி.

பெரிய ரைபிள் தோட்டாக்களின் அடிப்பாகத்தில், நடுவே ஒரு சிறிய கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். தீமூட்டு மருந்து அதற்குள் இருக்கும். .22 போன்ற ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் தீ மூட்டப்படும் தோட்டாவில் அப்படித் தனிக் கிண்ணம் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு வெளிப்புறமாகப் பிதுக்கப்பட்டு உள்ளே பொள்ளலாக விடப்பட்டிருக்கும். ஈரப் பதத்தில் உள்ள தீமூட்டுக் கலவையைக் கூட்டுக்குள் இட்டு வேகமாகச் சுழற்றும்போது, அது அந்தப் பொள்ளலுக்குள் ஒதுங்கிப் படிந்து காய்கிறது. விசையை அழுத்தும்போது பாயும் அடிமுள், விளிம்பில் ஓரிடத்தை நசுக்கினால் அந்தக் கலவை பற்றி, கூட்டிலுள்ள வெடிமருந்தை எரிக்கிறது. பாரிசில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் 1845-இல் உருவாக்கிய சிறு தோட்டாவிலிருந்து தொடங்கிய இந்த மரபில், 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் .22 ஷார்ட்டும், 1887-இல் .22 லாங் ரைபிளும் வந்தன. இன்றும் உலகில் மிகுதியாகச் சுடப்படுவது இந்தக் கடைசி வகைதான்.

அடிமுள்ளால் நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெலிதாக இருந்தாக வேண்டும். மெலிதாக இருந்தால் அதிக அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் .22 லாங் ரைபிளின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, அதாவது சுமார் 165 மெகாபாஸ்கல் என்ற அளவில் நிற்கிறது. ஏறத்தாழ அதே விட்டமுள்ள குண்டைச் சுடும் .223 ரெமிங்டன் தோட்டாவின் வரம்போடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு.

விளிம்பைச் சுற்றிக் கலவை எங்கும் ஒரே அளவாகப் படியும் என்று சொல்ல முடியாது. அடிமுள் விழுந்த இடத்தில் கலவை இல்லையென்றால் தோட்டா வெடிக்காது. அதே தோட்டாவைச் சற்றுத் திருப்பி மீண்டும் அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில் வைத்தால் பல வேளைகளில் வெடித்துவிடும். பழைய தோட்டா வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஆனால் வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. மருந்து தாமதித்துப் பற்றவும் வாய்ப்புண்டு. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

இனி, விசையை ஒருமுறை அழுத்தியதும் துப்பாக்கி தானே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். வலிமையான தோட்டாவைச் சுடும் ரைபிளில், அழுத்தம் அடங்கும் வரை, குழலின் பின்வாயை மூடும் பாகமான போல்ட் குழலோடு பூட்டப்பட்டிருக்கும். பிறகு எரிந்த மருந்தின் வாயுவில் ஒரு பகுதி அந்தப் பூட்டைத் திறந்துவிடும். .22 ரைபிளில் பூட்டே கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும் மட்டுமே அதை மூடி வைத்திருக்கின்றன. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டை முன்னே தள்ளும் அதே வாயு, கூட்டின் அடிப்பாகத்தின் வழியாகப் போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது. இரண்டும் பெறும் உந்தம் ஏறக்குறைய சமம், எடைதான் வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குண்டின் எடை 2.6 கிராம், போல்ட்டின் எடை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உராய்வையும் ஸ்பிரிங்கையும் மறந்துவிட்டால், குண்டு 77 மில்லிமீட்டர் நகரும்போது போல்ட் 1 மில்லிமீட்டர் நகரும். அழுத்தம் உச்சத்தைத் தொடுவது குண்டு குழலில் முதல் சில சென்டிமீட்டரைக் கடப்பதற்குள்ளேயே. அப்போது போல்ட் நகர்ந்திருப்பது கால் மில்லிமீட்டர் அளவே. 41 சென்டிமீட்டர் குழலை விட்டுக் குண்டு வெளியேறும் வேளையில் போல்ட் ஐந்து மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும். கூட்டின் நீளமோ 15 மில்லிமீட்டருக்கு மேல். ஆகவே அதன் பெரும்பகுதி அப்போதும் அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதற்குள் வாயு தான் தொடங்கிய இடத்தைப் போலப் பல மடங்கு பெரிய இடத்தில் விரிந்து தளர்ந்துவிடுகிறது. பூட்டு செய்ய வேண்டிய வேலையை எடையும் காலமும் செய்து முடித்துவிடுகின்றன.

இந்த எளிமையே மடக்குவதற்கு வழிவிடுகிறது. ஏஆர்-15 வகை ரைபிளில் போல்ட்டைத் தாங்கும் பாகம் பின்னோக்கி வரும்போது, தோள்கட்டைக்குள் இருக்கும் ஒரு குழாய்க்குள் நுழைந்தாக வேண்டும். ஆகவே தோள்கட்டையை அப்படியே மடக்கிச் சுட முடியாது. .22 ரைபிளின் போல்ட் பின்னும் முன்னும் ஓட வேண்டிய தொலைவு சில சென்டிமீட்டர்தான். ஸ்பிரிங் உட்பட எல்லாம், குழலுக்குப் பின்னாலுள்ள நடுப்பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குப் பின்னால் இருப்பது தோளில் அணைப்பதற்கான வெறும் கட்டை. அதைப் பக்கவாட்டிலோ அடியிலோ மடக்கலாம், முழுவதுமாகக் கழற்றவும் செய்யலாம். பின்னுதைப்பும் மிகக் குறைவு. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ரைபிளில் அது அரை ஜூலைத் தாண்டாது. ஆதலால் மெல்லிய கீலும் பிளாஸ்டிக் கட்டையும் தாங்கிக்கொள்கின்றன. இந்தச் சாத்தியத்தை எல்லை வரை கொண்டுபோனது, அமெரிக்காவின் ஆர்மலைட் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஏஆர்-7. யூஜீன் ஸ்டோனரின் வடிவமைப்பில் உருவான அந்தத் துப்பாக்கி மடங்குவதில்லை. குழலும் நடுப்பெட்டியும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் கழன்று, உள்ளே பொள்ளலான தோள்கட்டைக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. எடை ஒன்றேகால் கிலோ அளவே. ரூகர் 10/22 என்ற அரைத்தானியங்கி .22 ரைபிளின் இரண்டாகப் பிரியும் வடிவம் 2012-இல் வந்தது.

எளிமைக்கு விலை உண்டு. வினாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் போகும் குண்டின் ஆற்றல் ஏறக்குறைய 188 ஜூல். ஆனால் மேற்சொன்ன 200 கிராம் போல்ட்டுக்குக் கிடைப்பது இரண்டரை ஜூலுக்கும் சற்றுக் குறைவு. கூட்டை அறையிலிருந்து வெளியே கொண்டுவருவது, அடிமுள்ளைத் தட்டும் சுத்தியலைப் பின்னே தள்ளி நிறுத்துவது, ஸ்பிரிங்கை அமுக்குவது, அந்த ஸ்பிரிங் திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை உருவி அறைக்குள் தள்ளுவது என அத்தனை வேலைக்கும் இருக்கும் கைமுதல் இதுதான். வினாடிக்கு 325 மீட்டரில் செல்லும் சாதாரண வேகத் தோட்டாவைப் போட்டால், குண்டின் வேகம் குறைவது 14 விழுக்காடுதான். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், போல்ட்டின் கைமுதலில் 27 விழுக்காடு காணாமல் போய்விடுகிறது. சத்தத்தைக் குறைப்பதற்காகச் செய்யப்படும், வினாடிக்கு 220 மீட்டர் அளவிலான மெதுவான தோட்டாவில் அந்தக் கைமுதல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதைச் சுட்டபின் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டியிருப்பதில் வியப்பில்லை. வெற்றுக் கூடு வெளியேறும் வாயிலிலேயே செங்குத்தாக நின்று மாட்டிக்கொள்ளும் காட்சி, போல்ட்டுக்கு ஆற்றல் போதவில்லை என்பதன் மிகத் தெளிவான அடையாளம். எனவே தோட்டாவை மாற்றிப் பார்க்காமல் துப்பாக்கியைப் பழிப்பது நியாயமாகாது என்பது என் கருத்து.

அழுக்கும் இதே கைமுதலைத்தான் தின்கிறது. .22 குண்டு, கூட்டின் விட்டமே கொண்ட மென் ஈயம். அதன் உராய்வைக் குறைக்கும் மெழுகு வெளிப்பக்கத்திலேயே பூசப்பட்டிருக்கும். பூட்டில்லாத போல்ட் சீக்கிரம் திறப்பதால் கரியும் புகையும் நடுப்பெட்டிக்குள் திரும்பி வந்து, அந்த மெழுகோடும் ஈயத்தோடும் கலந்து பிசுபிசுப்பான கறுப்புப் பசையாகின்றன. இந்தப் பசை அறைக்குள் வளையமாகப் படிந்தால் தோட்டா முழுவதும் உள்ளே போகாது. அப்போது அடிமுள்ளின் அடி, விளிம்பை நசுக்குவதற்குப் பதிலாகத் தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகலாம். அதைவிட மோசமானது, போல்ட் முழுவதும் மூடாத நிலையில் தோட்டா வெடித்துவிடுவது. தாங்கல் இல்லாத மெல்லிய பித்தளை கிழிந்து, வாயு சுடுபவரின் முகத்தருகே பீறிடும். துடைக்கச் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல.

மேகசினையும் விட்டுவிட முடியாது. பிதுங்கிய விளிம்புள்ள தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ரூகர் 10/22-இன் சுழல் மேகசின் ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனிப் பள்ளத்தில் வைத்து இச்சிக்கலைத் தவிர்க்கிறது. தகரப் பெட்டி மேகசினிலோ, மேல் உதடுகள் சிறிது வளைந்தாலும் தோட்டாவின் கோணம் மாறி, மென் ஈய முனை அறையின் வாயிலில் முட்டி நிற்கும்.

கடைசியாக, மடிப்பு. தோள்கட்டை மட்டும் மடங்கும் ரைபிளில் குழலுக்கும் குறிகாட்டிக்கும் இடையிலான உறவு மாறுவதில்லை. கீல் ஆடினால் கன்னம் பதியும் இடம் மாறி, அதனால் கண் பார்க்கும் கோணம்தான் சற்று விலகும். குழலே மடங்கும் அல்லது கழலும் ரைபிளில் நிலைமை வேறு. குழலும் நடுப்பெட்டியும் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்றும், அந்தப் பொருத்தத்தில் 0.05 மில்லிமீட்டர், அதாவது மெல்லிய தாளின் பருமனளவே இடைவெளி என்றும் வைத்துக்கொண்டால், குழல் ஆயிரத்தில் ஒரு பங்கு சாயும். 50 மீட்டர் தொலைவில் குண்டு 5 சென்டிமீட்டர் விலகும். குழலைத் திருகாணி வளையத்தால் கையால் இறுக்கும் வடிவங்களில், சுடச்சுட அந்த வளையம் தளர்வதும் இதே விளைவைத் தரும் என்பதால், அவ்வப்போது அதை இறுக்கிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். வடிவமைப்பாளர்கள் இதற்கு இரு வழிகளில் விடை தேடுகிறார்கள். ஒன்று, மடிப்பைப் பூட்டும் தாழ்ப்பாளை ஆப்பு வடிவில் சரிவாகச் செய்வது. தேயத் தேய அது இன்னும் உள்ளே போய் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, முன் குறியையும் பின் குறியையும், தொலைநோக்கி பொருத்தினால் அதையும், குழலின் மீதே வைப்பது. அப்படி வைத்துவிட்டால் கீல் எவ்வளவு ஆடினாலும் குறிகாட்டி குழலோடு சேர்ந்தே ஆடும். எத்தனை முறை மடக்கினாலும் குண்டு போகும் இடம் மாறாது.