நீஸ் கடற்கரையில் ஓதம் எங்கே போனது?

பிரான்சில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் போல்யூ என்ற ஊரிலிருந்து சான் ழான் வரை கடலை ஒட்டியே ஒரு நடைபாதை உண்டு. மேடு பள்ளம் கிடையாது. முட்டிவலியோடு நானே தினமும் போய்வந்தேன். ஒரு பாறையைக் குறி வைத்துக்கொண்டு பார்த்தேன். காலை, மாலை, அமாவாசை, பௌர்ணமி என்று எப்போது பார்த்தாலும் தண்ணீர் ஒரு முழம்கூட ஏறி இறங்கவில்லை. அங்கே நிலா வேலை செய்யாதா?"

அந்தப் பாதையில் நானும் ஒருமுறை நடந்திருக்கிறேன். வலது பக்கம் பணக்காரர்களின் தோட்டச் சுவர், இடது பக்கம் கடல். தண்ணீருக்குச் சற்று மேலேயே காலடி. நான் இவரைப் போலக் குறி வைத்துப் பார்க்கவில்லை. அது என் சோம்பல்.

நிலா அங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் நாம் பள்ளியில் படித்த "நிலா தண்ணீரைத் தூக்குகிறது" என்ற படம் கொஞ்சம் ஏமாற்றும். ஓதத்தை, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, உண்டாக்கும் விசை பூமியின் ஈர்ப்பில் கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதனால் ஒரு வாளித் தண்ணீரைக்கூட மேலே தூக்க முடியாது. அது செய்வது பக்கவாட்டில் லேசாக நகர்த்துவது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஒதுங்கினால்தான் கரையில் மட்டம் ஏறும். அதற்குப் பெருங்கடல் வேண்டும். நீஸ் இருக்கும் மத்தியதரைக் கடலோ நாலாபுறமும் நிலம் சூழ்ந்த ஒரு தொட்டி.

சரி, பக்கத்திலேயே அட்லாண்டிக் இருக்கிறதே, அங்கே ஏறுகிற தண்ணீர் இங்கே வரக்கூடாதா? வரலாம். வழிதான் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

மத்தியதரைக் கடலின் பரப்பு சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் முக்கால் பங்கு. சென்னையில் போல அங்கேயும் ஒரு மீட்டர் ஓதம் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2,500 கன கிலோமீட்டர் தண்ணீர் உள்ளே வரவேண்டும். அதுவும் ஆற அமர அல்ல. வற்றத்திலிருந்து பெருக்குக்கு நிலா கொடுக்கும் அவகாசம் சுமார் 6 மணி 12 நிமிடம். வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு 11 கோடி கன மீட்டர். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவதைப்போல ஏறக்குறைய 90 மடங்கு!

இவ்வளவும் நுழையவேண்டிய வாசல் ஜிப்ரால்டர் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 14 கிலோமீட்டர். அடியில் குறுக்கே ஒரு மேடு வேறு படுத்திருக்கிறது. அதன் மேல் ஆழம் 300 மீட்டருக்குள்தான். தாராளமாக 14 கிலோமீட்டர் அகலம், 300 மீட்டர் ஆழம் என்று ஒரு செவ்வக வாய்க்காலாகவே எடுத்துக்கொண்டாலும், தண்ணீர் மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் பாயவேண்டும். நெடுஞ்சாலையில் கார் போகிற வேகம். நிஜத்தில் அங்கே ஓத நீரோட்டம் விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான்.

அரை அங்குலக் குழாயில் அரை மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்ப் நிறையுமா? அதே கதை. சம்ப்பில் இரண்டு விரல்கடை ஏறுவதற்குள் வால்வை மூடிவிடுகிறார்கள். பிரான்சின் மறுகோடியில், அட்லாண்டிக் பக்கம் திறந்து கிடக்கும் மோன் சான் மிஷேலில் ஓதம் 14 மீட்டர் வரை எழும்பும். நீஸில் ஒரு சாண். (உள்ளேயும் விதிவிலக்கு உண்டு. வெனிஸில் ஒரு மீட்டரை நெருங்கும். துனிசியாவின் காபெஸ் வளைகுடாவில் இரண்டு மீட்டரை நெருங்கும். அங்கெல்லாம் கரையின் வடிவம் தண்ணீரை ஒரு மூலையில் குவித்துவிடுகிறது.)

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "நம் உடம்பில் 70 சதவீதம் தண்ணீர், கடலையே இழுக்கும் நிலா மனிதனை இழுக்காதா?" என்று பௌர்ணமிதோறும் எனக்கு வாட்ஸ்அப் வருகிறது. 25 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலையே சாணுக்கு மேல் அசைக்க முடியாத நிலா, அறுபது கிலோ மாமாவின் மூளையில் என்ன கிளப்பிவிடும்?

அப்புறம், வாசகர் ஒருவேளை கவனித்திருக்கக்கூடிய இன்னொன்று. சில நாள் மட்டம் ஒரு சாண் இறங்கி, அப்படியே நாள்கணக்கில் நின்றிருக்கும். அது நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடை செய்யும் வேலை. வளியழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அதை அளக்கும் அலகு) கூடினால், ஒவ்வொரு சதுர மீட்டர் கடலின் மேலும் பத்து கிலோ பாரம் கூடுகிறது. பத்து கிலோ என்பது அந்தப் பரப்பில் சரியாக ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். அந்த அளவுக்கு மட்டம் அமுங்கும். ஆறு மணி நேரத்தில் ஜிப்ரால்டர் தொண்டை வழியாகப் போக முடியாத தண்ணீர், இதில் மட்டும் எப்படி நகர்கிறது? வானிலை அவசரப்படுத்துவதில்லை. குழாய் சிறியதானாலும் இரவெல்லாம் திறந்திருந்தால் சம்ப் நிறைந்துவிடும் அல்லவா?

இப்படி அடங்கிக் கிடக்கும் கடல், அளப்பவர்களுக்கு வரப்பிரசாதம். மார்செய் நகரக் கரையில் 1885-இல் ஒரு கிணறு வெட்டி, கடலோடு இணைத்து, உள்ளே ஒரு மிதவையைப் போட்டார்கள். மிதவை ஏற இறங்க, பேனா தாளில் கோடு இழுக்கும். 1897 தொடங்கும்வரை அளந்த சராசரிதான் பிரான்சுக்குப் பூஜ்ஜியம். மோன் பிளாங்க் சிகரத்தின் 4,800 சொச்சம் மீட்டர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் ஓரத்தில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்களே, அந்த வகைப் பூஜ்ஜியம். கிணற்றுச் சுவரோரம் பிளாட்டினமும் இரிடியமும் பூசிய வெண்கலக் குமிழ் ஒன்று பதித்திருக்கிறார்கள். பூஜ்ஜியம் அதற்கு 1.66 மீட்டர் கீழே.

நிர்ணயம் முடிந்தபின்னும் அவர்கள் அளப்பதை நிறுத்தவில்லை. கடல் இதுவரை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதை இன்று நாம் அறிவது அந்தப் பிடிவாதத்தால்தான். மூன்று வருடத் திட்டம், முடிவில் ஒரு அறிக்கை என்று நிதி கொடுக்கும் இன்றைய முறையில், "140 வருடம் ஒரு மிதவையைப் பார்த்துக்கொண்டிருப்போம்" என்று எழுதிக் கொடுத்தால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து நிதிக்குழுக்கள் புதுமையைக் கேட்கின்றன. கடல் பொறுமையைக் கேட்கிறது.

வாசகருக்கு ஒன்று: அடுத்தமுறை போகும்போது ஓத அட்டவணையைத் தேடாதீர்கள். வளியழுத்தம் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடி 1030 ஹெக்டோபாஸ்கல் காட்டும் நாளில் உங்கள் குறிப்பாறையில், வழக்கமாக நனைந்திருக்கும் இடத்தில் ஏறக்குறைய ஒரு சாண் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.