கடலோர ஊராட்சியின் கழிவுநீருக்கு அரசு தரும் பணம்: தலைக்கு எவ்வளவு, எதற்கு?

கடற்கரையை ஒட்டிய சின்ன ஊர்களில் சாக்கடை வாய்க்கால் போய் முடியும் இடம் பெரும்பாலும் கடல்தான். சட்டப்படி அது கூடாது. சுத்திகரிக்காத கழிவுநீரைக் கடலோர மண்டலத்தில் விடுவதைத் தடை செய்கிறது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. ஆலைகளும் நகரங்களும் மட்டுமல்ல, மக்கள் குடியிருப்புகளும் இந்தத் தடைக்குள் வருகின்றன. ஏற்கெனவே கலந்து வருவதை 2 ஆண்டுக்குள் நிறுத்தத் திட்டம் போட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே கெடு வைத்தது. கெடு முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

சரி, விடக்கூடாது என்றால் பணத்துக்கு எங்கே போவது? தூய்மை பாரத இயக்கத்தின் (ஊரகம்) இரண்டாம் கட்டம் 2020-இல் ஒப்புதல் பெற்றது. குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கையாள, 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 280 ரூபாய் வரையும், அதற்கு மேல் உள்ள ஊருக்குத் தலைக்கு 660 ரூபாய் வரையும் செலவிடலாம் என்று அதில் வரம்பு வைத்தார்கள். இதில் 70 விழுக்காடு இயக்கத்தின் நிதி. மீதி 30-ஐ ஊராட்சி தனக்கு வரும் 15-வது நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும் என்று வைத்தார்கள்.

2,000 பேர் உள்ள ஊர் என்றால் மொத்தம் 5,60,000 ரூபாய். அதில் ஊராட்சியின் பங்கு 1,68,000. 5,000 பேருக்கு 14 லட்சம்தான், ஒரே ஓர் ஆள் கூடினால் 33 லட்சத்தைத் தாண்டுகிறது! பெரிய ஊருக்குக் குழாய், வாய்க்கால் எல்லாம் வேண்டும் என்பது கணக்கு. ஆனால் நெருக்கமாக வீடுகள் உள்ள சின்ன மீனவக் குப்பத்துக்கும் அதே வாய்க்கால்தானே வேண்டும்? இங்கேதான் இந்தக் கணக்கு எனக்கு இடிக்கிறது.

குறைந்த பணத்தில் முடிகிற வேலை என்பதால் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி என்று முடிவெடுத்துவிடுவார்கள். கடலோரத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மணல் தண்ணீரை மளமளவென்று குடிக்கும். அதனாலேயே அது சரியாக வடிகட்டாது. நிலத்தடி நீரும் சில அடி ஆழத்திலேயே கிடக்கும். உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கும் அந்த நல்ல தண்ணீரைத்தான் ஊரே இறைக்கிறது. கழிவறையின் இரட்டைக் குழிக்கு ஒரு பொதுவான அளவு உண்டு, இங்கேயும் அதை மனதில் வைக்கலாம்: குழியின் அடிமட்டம் நிலத்தடி நீருக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கிணற்று நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு அளக்க வேண்டும். கோடையில் அளந்தால் ஏமாந்துபோவோம். 2 மீட்டர் கிடைக்காவிட்டால் குழியைத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டி, அடியை மூடி, சுற்றிலும் அரை மீட்டருக்கு நுண்மணல் நிரப்பி, கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும்.

அதற்கும் இடமில்லாத தெருக்களில் தண்ணீரை ஓரிடத்தில் சேர்ப்பதே நல்லது. முதலில் கசடு அடியில் தங்க ஒரு தொட்டி, அப்புறம் ஜல்லி நிரப்பி நாணலோ கல்வாழையோ நட்ட படுகை. மின்சாரம் வேண்டாம், ஆனால் கசடை அள்ளவும் செடியை வெட்டவும் ஆள் வேண்டும். அந்தச் செலவுக்கு வரி, கட்டணம், மானியம் என்று ஊராட்சிதான் வழி பார்க்க வேண்டும்.

உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் மேல் எல்லை) 500 மீட்டருக்குள் கட்டுவதானால் வேலை தொடங்கும் முன் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் மக்களுக்கான வடிகால் வசதிக்கு விதியில் இடம் உண்டு.

இதெல்லாம் நடக்க, வேலை முதலில் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற வேண்டும். கிராம சபையில் எழுந்து, "எத்தனை பேர் கணக்கில் கேட்டிருக்கிறீர்கள், நிலத்தடி நீர் மட்டத்தை எந்த மாதத்தில் அளந்தீர்கள்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.