மின்னலுக்காக நிறுத்தப்படும் ஆட்டத்தில் யாருக்கு நியாயம்?

ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்க ஆட்டம்) பருவம் தொடங்கும்போது, ஃபுளோரிடாவில் மழைக்காலம் இன்னும் முடிந்திருக்காது. தீபகற்பத்தின் இரு கரைகளிலிருந்தும் கிளம்பும் கடற்காற்று பிற்பகலில் உள்நாட்டில் வந்து மோதி, மதியம் வரை தெளிவாக இருந்த வானத்தில் மாலைக்குள் இடிமேகங்களை எழுப்பிவிடும். கூரையில்லாத மைதானங்களில் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர் கூடியிருப்பதும் அதே நேரத்தில்தான். இங்குள்ள ஒரு கல்லூரி அணியில் அத்லெட்டிக் ட்ரெய்னராக, அதாவது வீரர்களின் காயத் தடுப்புக்கும் முதலுதவிக்கும் பொறுப்பாளராக, நான் பணிபுரிகிறேன். பிள்ளைகளை இந்தக் கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மழையே பெய்யவில்லையே, நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணியை இரண்டு மணி நேரம் உள்ளே உட்கார வைப்பது அநியாயம் இல்லையா?

ஆட்டத்தை நிறுத்துவதில் அநியாயம் எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது, தொடங்க முடியாமல் போனால் முடிவை எப்படி எழுதுவது ஆகிய மூன்றையும் ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கும்போதுதான் அநியாயம் உள்ளே வருகிறது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இன்று பெரும்பாலான கல்லூரி மைதானங்கள் 8 மைல், அதாவது ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரத்துக்குள் மின்னல் பதிவானதுமே ஆட்டத்தை நிறுத்தி, அனைவரையும் உள்ளே அனுப்புகின்றன. கடைசி மின்னலுக்குப் பிறகு 30 நிமிடம் கழிந்தால்தான் மீண்டும் வெளியே வர முடியும். இடையில் இன்னொரு மின்னல் பதிவானால் அந்த 30 நிமிடம் முதலிலிருந்து எண்ணப்படும். மழை பெய்கிறதா என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல, ஏனென்றால் மழை விழும் இடத்திலிருந்து 10 மைல் தள்ளிக்கூட மின்னல் தரையைத் தொடலாம். புயல் நெருங்கி வரும்போதும், விலகிப் போகும்போதும், அதாவது மனிதர்கள் இன்னும் உள்ளே போகாமலோ அவசரப்பட்டு வெளியே வந்தோ நிற்கும் நேரங்களில்தான் பலர் தாக்கப்படுகிறார்கள். அந்த 30 நிமிடம் பலருக்கு வீண் பிடிவாதமாகத் தெரிவதற்கும், அதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் விட்டுக்கொடுக்காததற்கும் காரணம் இதுதான்.

மின்னலைப் பார்த்ததிலிருந்து இடியோசை கேட்கும்வரை விநாடிகளை எண்ணி, ஐந்தால் வகுத்து மைல் கணக்கிடும் பழைய முறை பள்ளி மைதானத்தில் இன்றும் உதவும். பெரிய ஃபுட்பால் மைதானத்தில் அது உதவாது. இசைக்குழுவும் ஒலிபெருக்கியும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் கத்துவதே எனக்குக் கேட்பதில்லை. இடியை எங்கே கேட்பது? மைதான விளக்குகளின் வெளிச்சத்தில் தொலைதூர மின்னலும் கண்ணுக்குப் படாது. ஆகவே மின்னல் கண்டறியும் வலையமைப்பின் தரவைத் திரையில் வைத்துக்கொண்டு, வேறு எந்த வேலையும் இல்லாமல் அதை மட்டுமே கவனிக்கும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் சிக்கல் எங்கே வருகிறது என்பதற்கு, சில பருவங்களுக்கு முன் நாங்கள் வெளியூரில் ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். காத்திருப்பு நேரம் ஏறக்குறைய முடிந்து, வீரர்கள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்ட நிலையில், திரையில் 8 மைல் வளையத்தின் உள்விளிம்பில் ஒரு புள்ளி தோன்றியது. உள்ளூர் அணியின் ஆட்ட நிர்வாகி, அது விலகிப் போகும் மேகம்தான், அதற்காக மறுபடியும் அரை மணி நேரம் காக்க வேண்டுமா என்று கேட்டார். அவருடைய அணி அப்போது பின்தங்கியிருந்தது, பந்தும் அவர்கள் வசம் இருந்தது. எங்கள் தரப்பிலிருந்து ஒருவர், இனி ஆடவே வேண்டாம், இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றார். நாங்கள் முன்னிலையில் இருந்தோம். ஸ்கோர் தலைகீழாக இருந்திருந்தால் இருவரும் ஒருவர் வாதத்தை மற்றவர் பேசியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருவரும் நேர்மையானவர்கள்தான், தங்கள் பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்ததை வீணாக்க மனம் வராதவர்கள். நடுவர் இரண்டு பேச்சையும் காதில் வாங்காமல் தூரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். 8 மைலுக்குக் குறைவு என்றதும் கடிகாரத்தை மீண்டும் 30-க்குத் திருப்பச் சொன்னார். அன்று இரு அணிகளுக்கும் கிடைத்த முழு நியாயமும் அந்த ஒற்றைக் கேள்வியில்தான் இருந்தது.

தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் இப்படி ஓர் எண் இருக்கிறது, முடிப்பதற்கு இல்லை. கிரிக்கெட்டில் ஒருநாள் போட்டியின் இரண்டாவது இன்னிங்ஸில் குறைந்தது 20 ஓவர் வீசப்பட்டிருந்தால்தான் டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் முறையில் முடிவு அறிவிக்க முடியும் என்பது நமக்குத் தெரியும். கல்லூரி ஃபுட்பாலை நடத்தும் என்சிஏஏ விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு குறைந்தபட்ச அளவு கிடையாது. தொடர முடியாத ஆட்டத்தைப் பின்னொரு நாளில் விட்ட இடத்திலிருந்து ஆடலாம், அப்போதைய ஸ்கோரோடு முடிக்கலாம், ஓர் அணி விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளலாம், ஆட்டமே நடக்கவில்லை என்றும் எழுதலாம். இவற்றில் எதைத் தேர்வது என்பதை, கான்ஃபரன்ஸின், அதாவது அணிகள் சேர்ந்து ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பின், கொள்கைக்கு உட்பட்டு, இரு கல்லூரிகளின் விளையாட்டுத் துறை இயக்குநர்கள் பேசி முடிவு செய்கிறார்கள்.

இதனால் ஒரே மாதிரியான வானிலை வெவ்வேறு தீர்ப்புகளைத் தந்திருக்கிறது. 2011 செப்டம்பர் 3 அன்று மிச்சிகன், வெஸ்டர்ன் மிச்சிகன் அணிகள் மோதிய ஆட்டம், மூன்றாம் குவார்ட்டர் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது) முடியுமுன்னே மின்னலால் நின்று, 34-10 என்ற ஸ்கோரோடு மிச்சிகனின் வெற்றியாகப் பதிவானது. 2014 ஆகஸ்ட் 30 அன்று ஃபுளோரிடா அணியின் சொந்த ஊரான கெய்ன்ஸ்வில்லில் ஃபுளோரிடாவும் ஐடஹோவும் மணிக்கணக்கில் காத்திருந்து ஒரே ஒரு கிக்ஆஃப், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் உதை, மட்டும் ஆடினார்கள். அதன்பின் மின்னலும் மைதானத்தில் தேங்கிய நீருமாக ஆட்டம் கைவிடப்பட்டது. அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த ஐடஹோவுக்கு ஒப்பந்தப்படி 9,75,000 டாலரை ஃபுளோரிடா கொடுத்தது. ஆட்டத்தை நான்கு ஆண்டுகள் கழித்து 2018 நவம்பரில்தான் ஆட முடிந்தது. ஆனால் 2014-இல் ஐடஹோவுக்காகக் களமிறங்கிய மாணவர்களில் எத்தனை பேர் அதுவரை கல்லூரியில் இருந்திருப்பார்கள்? பணம் கல்லூரியின் கணக்கில் சேர்ந்தது. அந்த இளைஞர்கள் இழந்த ஒரு சனிக்கிழமை இரவைத் திருப்பித் தர ஒப்பந்தத்தில் இடமில்லை.

2018 செப்டம்பர் 1 அன்று நெப்ராஸ்கா, அக்ரன் ஆட்டமும் ஒரு கிக்ஆஃபோடு நின்று பின்னர் ரத்தானது. அந்தப் பருவத்தில் இழந்த ஆட்டத்தை ஈடுகட்ட நெப்ராஸ்கா அக்டோபரில் பெத்யூன்-குக்மன் அணியை அழைத்து ஆடியது. அக்ரன் டிசம்பர் தொடக்கத்தில் சவுத் கரோலினாவில் போய் ஆடித் தோற்றது. ஆறு வெற்றி பெற்றால்தான் பருவ இறுதியின் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி என்ற ஏற்பாட்டில், ஓர் ஆட்டம் குறைவதும், அதற்குப் பதிலாக எளிய அணியோ வலிய அணியோ கிடைப்பதும் சிறிய விஷயமல்ல. எத்தனை குவார்ட்டர் முடிந்திருந்தால் ஸ்கோர் செல்லும் என்பதைப் பருவம் தொடங்குமுன்பே எழுதிவைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மழையில் நனைந்துகொண்டு தொலைபேசியில் பேசி எடுக்கும் முடிவில், தோற்றுக்கொண்டிருக்கும் தரப்புக்கு நம்பிக்கை வராது.

தாமதம் ஆட்டத்தின் வேகத்தை உடைத்து ஒரு தரப்புக்கு உதவிவிடுகிறது என்ற புகாரை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2011-இல் நோட்ரடாம் மைதானத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக மின்னலுக்காகப் பார்வையாளர்களை வெளியேற்றி, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் நீண்ட ஆட்டத்தில், விருந்தினராக வந்த சவுத் ஃபுளோரிடா 23-20 என்று வென்றது. 2019-இல் அயோவாவும் அயோவா ஸ்டேட்டும் இரண்டு தாமதங்களில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்டு, 18-17 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் முடித்தார்கள். அதிலும் வென்றது விருந்தினராக வந்த அயோவாதான். காத்திருப்பு யாருக்கு உதவியது என்று எவராலும் நிறுவ முடியாது.

ஆனால் காத்திருக்கும் இடத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு கண்முன் தெரிகிறது. உள்ளூர் அணிக்கு விசாலமான உடைமாற்றும் அறை, சிகிச்சை மேசைகள், ஐஸ் தொட்டிகள், பக்கத்திலேயே சமையலறை எல்லாம் இருக்கும். விருந்தினர் அறையில் எழுபது எண்பது பேர், அதில் பலர் 130 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள், தோள்கவசத்தோடு நெருக்கியடித்து சிமெண்ட் தரையில் கால் நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஈரமான காலுறையைக் கழற்றினால்தான் பாதம் மரத்துப்போகாது. கழற்றினால் கணுக்காலில் சுற்றிய டேப் நெகிழ்ந்துவிடும். மறுபடியும் டேப் போட மேசை இரண்டுதான் இருக்கும், வரிசையோ வாசல்வரை நீளும். ஆட்டம் முடிந்து பேருந்தில் சாப்பிட வைத்திருந்த சாண்ட்விச்சைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் இரவுக்கு ஒன்றும் மிஞ்சாது. கொடுக்காவிட்டால் நான்காம் குவார்ட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக விழுவார்கள். வாழைப்பழம், உப்பு பிஸ்கட், உப்புச்சத்து கலந்த பானம் ஆகியவற்றை இரு அணிகளுக்கும் ஒரே அளவில் தர வேண்டும், ஆட்டம் மீண்டும் தொடங்குமுன் இருவருக்கும் ஒரே நேரம் உடல் சூடேற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்படுவதற்கு அதிகச் செலவு ஆகாது. தொலைக்காட்சி நேரம் நழுவுகிறதே என்று சூடேற்றும் நேரத்தில் கைவைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன், ஏனென்றால் குளிர்ந்து இறுகிய தசையோடு முழு வேகத்தில் ஓடுபவருக்குத் தொடைத்தசை கிழிய ஒரே ஓட்டம் போதும்.

அணிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது மறந்துபோகிறவர்கள் சிலர் உண்டு. உலோக வாத்தியங்களோடு திறந்தவெளியில் நிற்கும் இசைக்குழு மாணவர்கள், அலுமினிய இருக்கை வரிசைகளில் மாணவர் டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், வாகன நிறுத்துமிடத்தில் கொடி அசைத்துக்கொண்டு நிற்பவர்கள், தண்ணீர்ப் பாட்டில் விற்பவர்கள் ஆகியோருக்கும் அதே 8 மைல்தான், அதே 30 நிமிடம்தான். வீரர்கள் உள்ளே போன பிறகும் இவர்களில் சிலர் வேலையை விட்டு நகரத் தயங்கி வெளியே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை உள்ளே அழைப்பது யார் பொறுப்பு என்று திட்டத்தில் பெயர் குறித்து எழுதப்படாவிட்டால், அது யாருடைய பொறுப்பாகவும் இருக்காது.

உங்கள் பிள்ளை அணியிலோ இசைக்குழுவிலோ இருந்தாலும், வெறுமனே ஆட்டம் பார்க்கப் போனாலும், எந்தக் கட்டடத்துக்குள் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பல்ல. நான்கு சுவரும் மின்கம்பியும் குழாயும் உள்ள கட்டடம் வேண்டும், அது இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய, உலோகக் கூரையுள்ள கார் வேண்டும். யாரேனும் தாக்கப்பட்டால், அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தயங்காமல் தொடலாம். உடனே அவசர உதவி எண் 911-ஐ அழைத்து, மூச்சோ நாடித்துடிப்போ இல்லாதவருக்கு நெஞ்சழுத்தம் தொடங்கி, இதயத்துக்கு மின்னதிர்வு தரும் கருவியைக் கொண்டுவரச் செய்ய வேண்டும். பலர் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால், முனகுபவர்களை விட்டு, அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் போக வேண்டும், ஏனென்றால் மின்னல் தாக்கியவர்களில் பேச்சு மூச்சோடு இருப்பவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். நின்றுபோன இதயத்துக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் உண்டு.