பவுன் ஏன் எட்டு கிராம் ஆனது?

மயிலாப்பூர் மாட வீதியில் பூக்காரம்மா முழம் போடுவதை நின்று பார்க்கலாம். சரத்தின் நுனியை நடுவிரலில் பிடித்து, முழங்கை வரை ஓட்டி, கட்டைவிரலால் நகத்தடம் வைப்பார். "உங்க கை சின்னதா இருக்கேக்கா" என்று முணுமுணுத்தால் "கட்டியிருக்கிற நெருக்கத்தப் பாரும்மா" என்று பதில் வரும். நியாயமான பதில்தான். இடைவெளி விட்டுக் கட்டிய மீட்டர் சரத்தைவிட நெருக்கிக் கட்டிய முழத்தில் பூ அதிகம். இத்தனைக்கும் அந்த மல்லிகை விடியற்காலையில் கோயம்பேட்டில் கிலோ கணக்கில் வாங்கியது.

இந்தியா மெட்ரிக் முறைக்கு 1956-லேயே சட்டம் போட்டது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. சுமார் 1.4 கிலோ எடையுள்ள வீசை சீக்கிரமே ஒழிந்தது. ஆனால் முழமும் கிரவுண்டும் பவுனும் இன்றும் இருக்கின்றன. மக்களின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. எது போனது, எது நின்றது என்று பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

நம் பழைய அளவுகள் பாதிப் பாதியாக இறங்குபவை. அரை, கால், அரைக்கால், மாகாணி. படிக்கு 8 ஆழாக்கு, ரூபாய்க்கு 16 அணா. காரணம் தராசில் இருக்கிறது. ஒரு குவியல் அரிசியை இரண்டு தட்டிலும் சமமாகப் போட்டால் எடைக்கல்லே இல்லாமல் பாதி கிடைக்கும். அதையே மறுபடி பிரித்தால் கால். பத்தில் ஒரு பங்கை இப்படி எடுக்க முடியாது. பத்து, காகிதத்தில் கணக்குப் போடுகிறவருக்கு வசதி. இரண்டு, கையால் பிரிக்கிறவருக்கு வசதி. கிலோ வந்த பிறகும் நாம் 'கால் கிலோ கத்தரிக்கா' என்றுதான் கேட்கிறோம். மெட்ரிக் எடைக்கல் வரிசையோ 1, 2, 5 என்று போவது. அதில் 250 கிராம் கல் கிடையாது. கடைக்காரர் 200-ஐயும் 50-ஐயும் சேர்த்து வைத்து நம் காலை எடை போட்டார்.

வீசை போனதற்குக் காரணம், அது கடைக்காரரின் கல்லில் இருந்தது. கல்லை மாற்றினால் அளவு மாறிவிடும். தலைக்குள் இருக்கும் அளவை அப்படி மாற்ற முடியாது. அங்கே முழு எண்தான் ராஜா.

நாணயத்தைப் பாருங்கள். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. ஓரணாவுக்கு 6.25 பைசா, சில்லறை கொடுப்பதில் சண்டை வராமல் இருக்குமா? அந்த ஓரணா பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. சரியாக 25 ஆன நாலணாவும் 50 ஆன எட்டணாவும் பல பத்தாண்டுகள் ஓடின. 2011-ல் 25 பைசா செல்லாமல் போகும்வரை அதன் பெயர் நாலணாதான்.

பவுன் கதை இன்னும் அழகு. பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.988 கிராம். தி.நகர் நகைக்கடையில் அது 8 கிராம். பழைய பெயர் அப்படியே இருக்க, உள்ளே மெட்ரிக் குடியேறிவிட்டது. மெட்ரிக் பிறந்த பிரான்சிலேயே இதுதான் நடந்தது. 1795-ல் சட்டம் வந்தும் ஜனங்கள் அசையவில்லை. 1812-ல் நெப்போலியன் அரசு பழைய 'லிவ்ர்' என்ற பெயருக்கே 500 கிராம் என்று பொருள் கொடுத்து இறங்கி வந்தது. முழு மெட்ரிக் கட்டாயமானது 1840-ல்.

கிரவுண்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 60-க்கு 40 மனை, 2,400 சதுர அடி. மெட்ரிக்கில் அது 222.97 சதுர மீட்டர். இந்த எண்ணை எந்தத் தரகர் வாயால் சொல்வார்? வெயிலும் அப்படியே. 37.8 டிகிரி செல்சியஸ் என்றால் தலைப்புக்கு ஆகாது. பாரன்ஹீட்டில் 100 என்றால் 'வெயில் சதமடித்தது'.

எனக்கு உண்மையிலேயே தலை சுற்றுவது தண்ணீர்க் கணக்கில்தான். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் தருவதோ லிட்டரில். ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக நிரம்பிய ஏரியில் சுமார் 10,300 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் எடுத்தால், ஆவியாவதை விட்டுவிட்டால், நூறு நாளைக்குச் சற்று மேல் வரும். இந்தப் பெருக்கலைச் செய்தித்தாள் செய்து தருவதில்லை.

ஆனாலும் கன அடியை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்த எண், அடையாற்றங்கரையில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்களுக்கு மறக்காது. அதையே 821 கன மீட்டர் என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஏரியின் முழு ஆழம் 24 அடி. கார்த்திகை மழையில் '22 அடியைத் தொட்டது' என்று செய்தி வந்தால் போதும். ஜாபர்கான்பேட்டையில் பைக்கை மேட்டுத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்துவிடுவார்கள்.