டவர் அடியில் எழுதப்படும் காபன் கணக்கு

தொலைபேசிக் கொம்பனி ஒன்றின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது காபன் கணக்கு, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களை எவ்வளவு வெளியேற்றினார்கள் என்ற கணக்கு, உள்ள பக்கத்தைத்தான். திருகோணமலை மாவட்டத்தில் புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை டவர்களின் மின்சாரத்தையும் ஏசியையும் பார்ப்பது என் வேலை. "உமிழ்வு இத்தனை வீதம் குறைந்தது" என்று அங்கே அச்சாகும் இலக்கம், எங்களில் ஒருவர் டவர் அடியில் கொப்பியில் எழுதும் ஒரு வரியில் தொடங்குகிறது. அந்த வரி பிழைத்தால் மேலே உள்ள இலக்கமும் பிழைதான்.

2020க்கும் 2030க்கும் இடையில் இந்தத் துறை தன் உமிழ்வை 45 வீதம் குறைக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். அறிக்கைகளில் கணக்கை மூன்றாகப் பிரிப்பார்கள். டீசல், வாகன எரிபொருள், ஏசி காஸ் என்று கொம்பனி தானே எரிப்பதும் கசியவிடுவதும் முதலாவது. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. கருவி செய்யும் ஆலை முதல் உங்கள் கையில் இருக்கும் போன் வரை மிச்சமெல்லாம் மூன்றாவது.

டீசலைப் பார்ப்போம். ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட் வரும். எங்கள் சிறிய ஜெனரேட்டர் ஒன்று மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 2 லீற்றர் குடிக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்களே, அப்படி ஒரு நாளில் ஒரு டவருக்கு மட்டும் 26 லீற்றர், 70 கிலோ காபனீரொட்சைட். டீசலும் கிடைக்காத காலம் அது. கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற பிறகுதான், ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைக்கும் லிதியம் பற்றரி பற்றி நாங்கள் சொன்னதற்கு மேலிடத்தில் காது கொடுத்தார்கள்.

லிதியம் வந்ததில் டீசலோடு இன்னொன்றும் குறைந்தது. டவர் அறையை ஏசி போட்டுக் குளிரவைப்பது கருவிகளுக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பழைய ஈய பற்றரிதான் முக்கியக் காரணம். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகிவிடும், அதனால் 25 பாகைக்கு மேல் ஏறவிடமாட்டோம். ஆடி மாதக் கச்சான் காற்று அனலாக வீசும்போது ஏசி நிற்காமல் ஓடும். பற்றரி மாற்றிய இடங்களில் இப்போது அறையைக் கொஞ்சம் சூடாகவே விடுகிறோம். இரவில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் மின்விசிறியே போதும். கச்சான் காலத்துப் பகலுக்கு மட்டும் ஏசி வேண்டியிருக்கிறது.

வாங்கும் மின்சாரத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மலைநாட்டில் நல்ல மழை பெய்த வருடத்தில் நீர்மின்சாரம் கூடும், நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் குறையும். அதே டவர், அதே யூனிட், ஆனால் காபன் குறைவு. மழைக்குக் கொம்பனி பாராட்டு வாங்கக் கூடாது. பாவித்த யூனிட் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி ஆலை வரவிருந்து 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் ஆரம்ப விழா நடந்தது. மூதூர்ப் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம், அந்த நிலக்கரி ஆலை வந்திருந்தால் எங்கள் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைப்பேன்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஏசி காஸ் பற்றி.

கிண்ணியாவில் கடலுக்குக் கிட்ட ஒரு டவர். உப்புக்காற்றில் ஏசியின் வெளி யூனிட்டில் இருக்கும் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடி பூத்துப்போய், விரல் பட்டால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பின்பக்கம் செப்புக் குழாய் வளையும் இடத்தில் எண்ணெய்க் கறை, அதில் மணல் ஒட்டியிருக்கும். காஸோடு எண்ணெயும் கசிந்து வருவதால், கறை இருக்கும் இடம்தான் ஓட்டை. சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், அங்கே காவலுக்கு இருந்த நானா என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்த வருஷம் மூணாந்தரமா காஸ் அடிச்சிட்டுப் போறாங்க. போன காஸ் எங்க போச்சு?"

நான் கொப்பியைப் புரட்டினேன். டீசலுக்குக் கட்டம் இருந்தது, மீற்றர் வாசிப்புக்கு இருந்தது, காஸுக்கு இல்லை. ஒப்பந்தக்காரரின் பில்களைத் தேடிப் பார்த்தால் ஒரு தடவைக்கு 800 கிராம், மூன்று தடவைக்கு 2.4 கிலோ. அது ஆர்-410ஏ. புவியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, 2,088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். அந்த ஒரு ஏசியால் வருடத்துக்கு 5 தொன் போயிருக்கிறது. அதே அளவு காபன் வர 1,850 லீற்றருக்கு மேல் டீசல் எரிக்க வேண்டும். டீசலை நாங்கள் போத்தல் கணக்கில் காவல் காத்தோம், இது கண்ணுக்குத் தெரியாமல் கடற்காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிக்க நாங்கள் விடுவதில்லை. நைதரசன் ஏற்றி, சவர்க்காரத் தண்ணீர் பூசி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, வெல்டிங் முடித்த பிறகுதான் காஸ். சிலிண்டரை அடிக்க முதலும் பிறகும் தராசில் வைத்து வித்தியாசத்தை எழுத வேண்டும். கொப்பியில் புதுக் கட்டம் போட்டோம். புது ஏசி வாங்கும்போது ஆர்-32 கேட்கிறோம். அதன் பாதிப்பு காபனீரொட்சைட்டைப் போல 675 மடங்குதான். கட்டம் போட்ட வருடம் எங்கள் மாவட்டத்து உமிழ்வு கூடித் தெரிந்தது, மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். கசிவு கூடவில்லை, எழுதத் தொடங்கியிருக்கிறோம் என்று சொன்னேன். அந்தப் பதிலை எழுதிக் கொடுத்ததில் எனக்கு இன்றைக்கும் திருப்தி உண்டு.

ஆகவே எந்தக் கொம்பனியின் அறிக்கையானாலும் குளிரூட்டி வாயுக் கசிவு என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். கடலோரத்தில் டவர் வைத்திருக்கும் கொம்பனி அதில் பூச்சியம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். வேறு இடத்தில் காபனைக் குறைத்தவர்களிடம் காசு கொடுத்துக் காபன் வரவு வாங்கி ஈடுசெய்ததை, உண்மையில் குறைத்த கணக்கோடு சேர்த்துக் காட்டினால் அதையும் கேளுங்கள்.

அப்புறம், "போனைக் குறைத்துப் பாவித்தால் காபன் குறையுமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரிதாகக் குறையாது. நடுச்சாமத்தில் ஒருவருமே பேசாவிட்டாலும் டவர் கணிசமான மின்சாரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் சில அலைவரிசைகளைத் தூங்கவைப்பது எங்கள் வேலை. உங்கள் கையில் இருப்பது போனின் ஆயுள். ஒரு போனின் காபனில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே வந்துவிடுகிறது. பற்றரி இறங்கினால் பற்றரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் பாவியுங்கள்.

இன்னொரு உதவியும் செய்யலாம். உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும்போது பக்கத்து டவரில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால், கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையில் மாற்றிவிடும் சுவிட்ச் இறுகியிருக்கக்கூடும். சில வேளை இரண்டு மூன்று நாளுக்கு எங்களுக்குத் தெரியவராது. கேற்றில் ஓர் இலக்கம் எழுதியிருக்கும், அழைத்துச் சொல்லுங்கள், இரவானாலும் பரவாயில்லை.