ரீசெட் பண்ணினால் ஸ்நாக் (கோளாறு) போய்விடாது, கேப்டன்

போன வாரம், நள்ளிரவு. பராமரிப்பு என்ஜினியரான என் முன்னால் ராத்திரியின் கடைசி ஏ320 விமானம் வந்து நின்றது. பையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்த கேப்டன் போகிற போக்கில், "ஒண்ணாம் நம்பர் ப்ளீட் ஒரு தடவை போச்சு, ரீசெட் பண்ணேன், வந்துடுச்சு, ஒரு கண்ணு வெச்சுக்கோங்க சார்" என்றார். ப்ளீட் என்பது என்ஜினிலிருந்து கேபினுக்குக் காற்று எடுக்கும் அமைப்பு. மேலே போய், கோளாறுகளை எழுதும் டெக் லாக்கைத் திறந்தால் 'நில்', அதாவது ஒன்றுமில்லை. பிரிண்டரிலிருந்து விமானமே பதிவு செய்த போஸ்ட் ஃப்ளைட் ரிப்போர்ட்டை உருவிப் பார்த்தால் அதே ஃபால்ட் 17:12, 17:31, 17:58 (உலகப் பொது நேரம்) என்று மூன்று முறை. ஒரு தடவையாம்!

இந்த மாதத்தில் இப்படி நாலாவது விமானம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரீசெட் என்றால் ரிப்பேர் என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஒருமுறை சோதித்துப் பார்க்கிறது, அந்த நிமிடம் கோளாறு தென்படவில்லை, அவ்வளவுதான். கனெக்டரில் பிடிப்பு விட்டிருந்தால் ரீசெட்டுக்குப் பிறகும் விட்டுத்தான் இருக்கும். தெர்மாமீட்டரை உதறிப் பாதரசத்தை இறக்கிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் போய்விட்டது என்கிற கதை.

2014 டிசம்பர் 28, சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய ஏர்ஏசியா 8501. வாலில் இருக்கும் ரட்டரின் (சுக்கான்) அசைவுக்கு அளவு வைக்கும் யூனிட்டில் சால்டரிங் விரிசல். முந்தைய 12 மாதங்களில் அதே கோளாறு 23 முறை வந்திருந்தது. அன்றும் மேலே நான்கு முறை எச்சரிக்கை வந்தது. தனியாகப் பார்த்தால் அதில் விமானம் விழ ஒன்றுமே இல்லை. மூன்று நாள் முன்பு தரையில் ஒரு என்ஜினியர் சர்க்யூட் பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான்) இழுத்து ரீசெட் செய்ததைக் கேப்டன் பார்த்திருந்தார். நடுவானில் அதே பிரேக்கர்கள் இழுக்கப்பட்டதாகத்தான் ரெக்கார்டர் தரவுகள் காட்டின. ஆட்டோபைலட் கழன்றது, விமானம் சாய்ந்தது, மேலேறி ஸ்டால் ஆனது, அதாவது இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்தன. 162 பேர். தரையில் நாங்கள் செய்வதை மேலே செய்யாதீர்கள், தயவுசெய்து. பறக்கும்போது எதை ரீசெட் செய்யலாம் என்று காக்பிட்டில் இருக்கும் அவசரக் கையேடான க்யூஆர்ஹெச்சில் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாவிட்டால் கையை மடியில் வையுங்கள்.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது 2018 அக்டோபர் 28 இரவு, டென்பசார் - ஜகார்த்தா லயன் ஏர். கிளம்பியதும் ஸ்டிக் ஷேக்கர் (ஸ்டால் ஆகப்போகிறது என்று பைலட்டின் கைப்பிடியை உதறி எச்சரிக்கும் கருவி) அதிர ஆரம்பித்தது, வழிநெடுக நிற்கவில்லை. மூக்கு தானாகக் கீழே போனதும், தானாக மூக்கை இறக்கும் மோட்டாரை நிறுத்துகிற ட்ரிம் கட்-அவுட் சுவிட்சைப் போட்டு, கையால் ஓட்டிக்கொண்டு ஜகார்த்தாவுக்கே போய்விட்டார்கள். திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் திரும்பவில்லை? சரி, போனார்கள், லாக்கில் என்ன எழுதினார்கள்? வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை, ஃபீல் டிஃப் பிரஸ் விளக்கு (கைப்பிடியின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் அழுத்த வித்தியாசம் என்ற எச்சரிக்கை) எரிந்தது. ஸ்டிக் ஷேக்கர் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கட்-அவுட் பற்றியும் இல்லை. என்ஜினியர் எழுதியதை வைத்துப் வேகம் அளக்கும் பிட்டோ லைனை ஊதிவிட்டு, ஒரு கனெக்டரைத் துடைத்துவிட்டு விமானத்தை விட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 'ஸ்டிக் ஷேக்கர்' என்று பார்த்திருந்தால், டென்பசாரில் அப்போதுதான் மாட்டியிருந்த ஆங்கிள் ஆஃப் அட்டாக் சென்சார் (காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தை அளப்பது) பக்கம் கை போயிருக்கும். அது 21 டிகிரி தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அதே விமானம் விழுந்தது, 189 பேர்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. "எழுதாதீங்க கேப்டன், வெளியூர்ல மாட்டிக்கும், வீட்டுக்குக் கொண்டுவந்துடுங்க" என்று கெஞ்சும் என்ஜினியர்களை எனக்குத் தெரியும். சின்ன வயதில் நானும் ஒருமுறை அப்படிக் கேட்டிருக்கிறேன். அப்படி யாராவது கேட்டால் அவர் கண்முன்னாலேயே பேனாவை எடுங்கள். எந்தக் கோளாறோடு பறக்கலாம் என்ற பட்டியலான எம்இஎல்லில் அனுமதி இருக்கிறதா, எத்தனை நாள் ஓட்டலாம் என்பதெல்லாம் எழுதிய பிறகு நாங்கள் பார்க்க வேண்டியது.

எத்தனை தடவை வந்தது, என்ன உயரத்தில், எதைத் தொட்டீர்கள், தொட்டபின் என்ன ஆனது, எல்லாம் வேண்டும். கோ-பைலட் தம்பி தங்கைகளே, கேப்டன் 'நில்' போட்டால் "சார், அந்த ப்ளீட்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்று ராத்திரி ஸ்நாக்கை நானே எழுதி என்ஜின் மூடியான கௌலிங்கைத் திறந்தேன். ப்ளீட் அழுத்தத்தை உணரும் சென்ஸ் லைன் குழாய் ஒன்றின் இணைப்பில் கசிவு. காலை விமானம் 50 நிமிடம் லேட், பயணிகள் கவுன்டரில் கத்தினார்களாம். அதே கேப்டன் மறுநாள் போன் செய்து, "நான்தான் சொல்லிட்டுப் போனேனே சார், எதுக்கு எழுதினீங்க?" என்றார்.